சந்தனத்துக்கு அடியில் ஒரு நம்பர்

அத்தியாயம் 9

சித்தப்பா பொன்னுதுரை அந்த அச்சடித்த பாரத்தை எடுத்து நீட்டியபோது அவருடைய சட்டைக் காலர் நனைந்திருந்தது. மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. கடல் பக்கமிருந்து காற்று வேறு நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. இந்த மனிதருக்கு எதற்கு இத்தனை வியர்வை என்று சந்திரமதி நினைத்தாள். நினைத்ததை வெளியே காட்டாமல் பாரத்தை வாங்கிக்கொண்டாள்.

"ஒரு கையெழுத்து, சந்திரா. அவ்வளவுதான். பிரேக்கு கிரேக்கு ஒண்ணும் பாக்க மாட்டாங்க. ரோடு டாக்ஸைக் கட்டினோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருக்கலாம்."

மோட்டார் லைசென்ஸ் ஆபீஸ் முற்றத்தில் அவர்களுக்குப் பின்னால் நின்றது அந்தக் கார். 1930-ஆம் வருட ஆஸ்டின். கறுப்பு உடம்பு, மஞ்சள் சக்கரம். பின்சீட்டில் அம்மா பொன்னம்மா குங்குமச் சிமிழை மடியில் வைத்துக்கொண்டு, பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க வந்தவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் காஜா பெராங் வீட்டில் நடந்த பேச்சு வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்பாசாமி இறந்து இரண்டு வருஷம். அவரும் தம்பி பொன்னுதுரையும் சேர்ந்து வாங்கிய கார் இது. மலாக்காவில் பாதி மாப்பிள்ளைகள் ஊர்வலம் போன கார் என்று சொன்னால் மிகையில்லை. அப்பாவுக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவள் சந்திரமதி. பெண்பிள்ளை ஓட்டும் கல்யாணக் காரா என்று முதலில் முகம் சுளித்தவர்களே இப்போது தேதி கேட்டு வாசலில் நிற்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. இருபத்தைந்து வருஷம் தாண்டிய வாடகைக் கார்கள் பரிசோதனையில் தேறினால்தான் இனிமேல் ரோடு டாக்ஸ். சித்தப்பா உடனே ஒரு துரையைப் பற்றிச் சொன்னார். செங் பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்ததும் ஊருக்குக் கப்பலேறுகிறாராம். பழைய காரையும் கூடவே கொண்டுபோக ஆசையாம். பேச்சு முற்றி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வாடகைக் காராகத் தேறினால் வண்டி சந்திரமதிக்கு. தேறாவிட்டால் சித்தப்பாவுக்கு, அவர் துரைக்குக் கொடுப்பார்.

இன்று சனிக்கிழமை. தவணையின் கடைசி நாள். ஒரு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். ஆவணி பிறந்துவிட்டது, நாளைக் காலை செமாபோக்கில் முகூர்த்தம். அதற்கும் பிறகு பத்துக் கல்யாணங்களுக்கு அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

சந்திரமதி பாரத்தைப் படித்தாள். பாதி புரிந்தது. மீதியைக் கவுண்டரில் இருந்த கருணாகரனிடம் கொண்டுபோய்க் கேட்டாள். கருணாகரன் நல்ல கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. கேட்ட கேள்விக்குக் கேட்ட அளவு பதில் சொல்பவர். அது விலக்குப் பாரம் என்றார். திருவிழாவுக்கும் சொந்த உபயோகத்துக்கும் மட்டும் வைத்திருக்கிற பழைய கார்களுக்குப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் நாலாவது வரியை மறுபடி படித்துப் பாருங்கள் என்று பேனாவால் தொட்டுக் காட்டினார். இந்த வாகனத்தை ஒருபோதும் வாடகைக்கு விடமாட்டேன் என்று அதில் உறுதிமொழி இருந்தது.

ஆக, கையெழுத்துப் போட்டால் கார் ஓடும். ஆனால் அவள் பிழைப்பு நின்றுவிடும். வாடகைக் காராகத் தேறவில்லை என்று சொல்லிச் சித்தப்பா வண்டியைத் துரையிடம் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். பரிசோதனைகூட வேண்டாம்.

அவள் திரும்பி வந்து பாரத்தை அவர் சட்டைப் பையிலேயே மடித்து வைத்தாள்.

"இது கோயில் தேருக்கு எழுதற பாரம், சித்தப்பா. என் வண்டி சம்பாதிக்கிற வண்டி."

"தேறாது, சந்திரா. வயசான வண்டி."

"தேறாட்டி உங்களுக்குத்தானே வருது. நீங்க ஏன் கவலைப்படறீங்க?"

பொன்னுதுரை கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பரிசோதனை அதிகாரி யூசோப், மரியாதையாகச் சொன்னால் இஞ்சே யூசோப், பத்தரைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டயரை உதைத்தார். விளக்கைப் போடச் சொன்னார், ஹார்னை அடிக்கச் சொன்னார். ஹார்ன் சத்தம் கேட்டு மரத்தடியில் தூங்கிய நாய் எழுந்து ஓடியது. பிறகு யார் ஓட்டப்போவது என்று மலாயில் கேட்டுக்கொண்டே பொன்னுதுரையைப் பார்த்தார். நான்தான் என்று சந்திரமதியும் மலாயிலேயே சொன்னாள். காஜா பெராங்கில், மலாய் பேசும் மலாக்கா செட்டி வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவள். அவளுடைய மலாய் அந்த வீட்டுப் பெண்கள் பேசுகிற மலாய். யூசோப்பின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. தன் பாட்டுக்கு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இதற்குள் பொன்னம்மா கீழே இறங்கி நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டாள். காவல்காரன் ஓடிவந்து, இது சர்க்கார் முற்றம், பழமெல்லாம் நசுக்கக் கூடாது என்று சத்தம் போட்டான். பழம் வைக்காமல் இந்த வண்டி இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாளும் நகர்ந்ததில்லை என்று பொன்னம்மா தமிழில் பதில் சொன்னாள். அவனுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு மலாய் வராது. யூசோப் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். வண்டி நகர்ந்தது. பழம் நசுங்கிய வாசனை உள்ளே வந்தது.

முற்றத்தின் கோடியில் சுண்ணாம்புக் கோடு ஒன்று. இருபது மைல் வேகத்தில் வந்து, கோட்டைக் கண்டதும் பிரேக் அடித்து, அடுத்த கோட்டுக்குள் நிற்க வேண்டும். நேராகவும் நிற்க வேண்டும்.

பழைய வண்டிகளுக்குக் கம்பி பிரேக். காலால் மட்டும் மிதித்தால் முன்பக்கம் இடதுபுறம் இழுக்கும். எத்தனை முறை திருகிச் சரிசெய்தாலும் அந்தக் குணம் போகாது. சந்திரமதி மிதித்தாள். இழுப்பு வரப்போகிறது என்று உள்ளங்காலில் தெரிந்த அந்த நொடியில் கைப் பிரேக்கை மூன்று பல் இழுத்தாள். கார் பூனை மாதிரி குந்தி, நேராக நின்றது. கோட்டுக்கு இன்னும் ஒரு முழம் பாக்கி இருந்தது.

மறுபடி ஒரு தடவை என்றார் யூசோப். மறுபடியும் அதே முழம்.

அவர் அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டு இறங்கினார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். வண்டிதான் என்றாள் சந்திரமதி.

முற்றத்தின் இந்தப் பக்கம் நின்ற பொன்னுதுரை வேகவேகமாக வந்தார். நியாயமாகப் பார்த்தால் அவர் முகம் தொங்கியிருக்க வேண்டும். ஆனால் அவரோ அதிகாரியிடம் நல்ல ஆங்கிலத்தில், பிரேக் பிரமாதம், இனி பார்க்க என்ன இருக்கிறது, பாஸ் என்று எழுதிவிடலாமே என்று சிபாரிசு செய்யத் தொடங்கினார்.

சந்திரமதி சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து வண்டி தேறாது என்று ஓதியவர், தேறட்டும் என்று அவசரப்படுகிறார். ஏன்?

யூசோப் அவசரப்படவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

திறந்தாள்.

எஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. அதில்தான் எஞ்சின் நம்பரை அடித்திருப்பார்கள். அதைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டியது அதிகாரியின் வேலை. யூசோப் குனிந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார்.

தகடே தெரியவில்லை. அது இருந்த இடத்தில் மஞ்சளும் சந்தனமும் குங்குமமுமாக ஒரு கட்டி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒரு பூச்சு. அப்பாசாமி இறந்த பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் பொன்னம்மா கையால் ஒரு பூச்சு. எஞ்சின் சூட்டில் வெந்து, எண்ணெய் குடித்து, தூசி குடித்து, அது ஓடு மாதிரி இறுகிப்போயிருந்தது. வீட்டில் யாருக்கும் அது நம்பர் எழுதிய தகடு என்ற நினைப்பே இல்லை. வண்டிக்கு நெற்றி என்று ஒன்று இருந்தால் அது அதுதான்.

நம்பர் படிக்க முடியவில்லை, படிக்க முடியாவிட்டால் தேறாது என்றார் யூசோப். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டரைக்குள் தெளிவாகத் தெரிந்தால் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போனார்.

சந்திரமதி டூல் பெட்டியைத் திறந்தாள். பொன்னுதுரையின் கை அவள் மணிக்கட்டில் விழுந்தது.

"சாமி சந்தனம், சந்திரா. ஸ்க்ரூ டிரைவரால சுரண்டுவியா? உங்கம்மா பாத்துக்கிட்டிருக்காங்க." பொன்னம்மாவின் பக்கம் திரும்பினார். "அண்ணி, நீங்களே சொல்லுங்க. அண்ணன் தொட்டு வச்ச சந்தனம். அதுல கை வைக்கலாமா?"

அது சரியான அடி. சந்திரமதியின் கை நின்றுவிட்டது. அப்பாவின் விரல் பட்ட கடைசிச் சந்தனமும் அந்தக் கட்டிக்குள் எங்கோதான் இருக்கிறது. அம்மா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை முடிந்தது. நாளைக்குச் செமாபோக் மாப்பிள்ளை டாக்ஸியில்தான் போவான்.

பொன்னம்மா கிட்டே வந்தாள். கொழுந்தனைப் பார்க்காமல் எஞ்சினைப் பார்த்தாள்.

"கோயில்ல சாமிக்கு அபிஷேகம் பண்றப்போ பழைய காப்பைக் கலைக்கிறாங்களா இல்லையா, தம்பி?" என்றாள். "கலைச்சாத்தான் புதுச் சந்தனம் ஏறும். நீ தள்ளு, சந்திரா. நான் வச்சதை நான் எடுக்கிறேன்."

காவல்காரனிடமிருந்து ஒரு குவளை மண்ணெண்ணெய் வாங்கி வந்தார்கள். பொன்னம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழந்துணியை நனைத்து நனைத்து ஒற்றினாள். முதலில் சிவப்புக் கரைந்தது. அப்புறம் மஞ்சள். அதற்குக் கீழே பாறை மாதிரி சந்தனம். கொண்டை ஊசியை உருவி ஓரத்திலிருந்து நெம்பினாள். பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்ததை ஒன்றுவிடாமல் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டாள். பன்னிரண்டு பத்துக்குப் பித்தளை கண் விழித்தது. ஒவ்வொரு இலக்கமாக வெளியே வந்தது.

சந்திரமதி பதிவுப் புத்தகத்தைத் திறந்து பிடித்தாள். புத்தகத்தில் 48217.

தகட்டில் 31906.

அவள் இரண்டு தடவை பார்த்தாள். இது அப்பா வாங்கிய எஞ்சின் இல்லை.

யூசோப் வந்தார், படித்தார், நிமிர்ந்தார். அதுவரை அவர் முகத்தில் இருந்த தயவு காணாமல் போய்விட்டது. இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அதற்குள் சந்திரமதியின் கண் வேறொன்றைப் பார்த்துவிட்டது. தகட்டைப் பார்த்து அம்மா திகைத்தாள், தான் திகைத்தாள். சித்தப்பா திகைக்கவே இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விலக்குப் பாரம் எதற்கு, வியர்வை எதற்கு, பாஸ் போடச் சொல்லி அவசரம் எதற்கு என்று ஒரே நேரத்தில் மூன்று கணக்கும் அவளுக்குத் தீர்ந்தது. பானெட் திறக்கக் கூடாது. அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அவள் யூசோப்பிடம் நேராகக் கேட்டாள். எஞ்சின் மாற்றியிருந்தால் அதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா? இருக்கிறது என்றார் அவர். அதற்கு வேறு பாரம். யார் மாற்றினார்கள், எப்போது, எங்கிருந்து வந்தது, பழைய எஞ்சின் எங்கே போனது என்று அந்தக் காலத்துச் சொந்தக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் புது நம்பரைப் பதிந்து, பாஸ் எழுதி, இன்றைக்கே டாக்ஸ் கட்டலாம். எழுத ஆள் இல்லையென்றால் வண்டிக்குச் சங்கிலி. போலீஸ் விசாரிக்கும்.

அந்தக் காலத்துச் சொந்தக்காரர்கள் இரண்டே பேர். ஒருவர் உயிரோடு இல்லை.

சந்திரமதி சித்தப்பாவை முற்றத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனாள். குரலை உயர்த்தவில்லை.

"புத்தகத்துல உங்க பேரும் இருக்கு, சித்தப்பா. போலீஸ்காரன் வந்தா என்னைக் கேக்க மாட்டான். ஜப்பான்காரன் காலத்துல எனக்குப் பதினாலு வயசு."

"நான் எழுதினா வண்டி உனக்குப் போயிடும்."

"ஆமா. எழுதாட்டி வண்டி யாருக்கும் இல்ல. துரைக்கும் இல்ல."

வாசலுக்கு வெளியே மெர்டேக்கா தோரணம் கட்டுகிறவர்கள் ஏணியை நகர்த்தினார்கள். பன்னிரண்டரை அடித்தது.

"பேனா குடு" என்றார் பொன்னுதுரை.

ரப்பர் கம்பெனியில் முப்பது வருஷம் கிராணியாக இருந்த கை. எழுத்து குண்டு குண்டாக விழுந்தது. எழுதிக்கொண்டே பாதியைத் தமிழில் முணுமுணுத்தார். 1943. அண்ணனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜப்பான்காரன் தெருத் தெருவாகக் கார் எடுத்துக்கொண்டிருந்தான். எஞ்சின் இல்லாத காரை எடுக்க மாட்டான் என்று இவரே ராத்திரியோடு ராத்திரியாக எஞ்சினைக் கழற்றி, ஒளித்து வைக்கச் சொல்லி ஒருவரிடம் கொடுத்துவிட்டார். யுத்தம் முடிந்து திரும்ப வந்தது வேறு எஞ்சின். அண்ணன் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து நின்றபோது இதைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

"அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, அண்ணி."

பொன்னம்மா கைக்குட்டை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தெரியும்" என்றாள். "அதுக்கு முன்னாடி அவர் விளக்குக்கும் சக்கரத்துக்கும்தான் சந்தனம் வைப்பார். சயாமிலேர்ந்து வந்த வருஷம்தான் அந்தத் தகட்டுல முதமுதலா வச்சார். மூடி மூடி வச்சார். எதுக்குன்னு நான் கேக்கல."

பொன்னுதுரையின் பேனா நின்றது. பத்து வருஷம் அண்ணனும் தம்பியும் ஒரே பானெட்டின் இரண்டு பக்கமும் நின்று ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள். அவர் மூக்கை உறிஞ்சினார். கருணாகரன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, கடைசிக் கட்டம் பாக்கி என்றார்.

பழைய எஞ்சின் யாரிடம் கொடுக்கப்பட்டது? பெயர், விலாசம்.

பொன்னுதுரை எழுதினார். கபீர். ஊர், பத்து பெரெண்டாம்.

"அவர் ஏன் வேற எஞ்சினை மாத்திக் குடுத்தார்?" என்றாள் சந்திரமதி.

"அதைக் கபீர்தான் சொல்லணும். பன்னெண்டு வருஷமா அந்த ஊருக்குப் போற சடக்குல நான் காலே வச்சதில்ல."

கையெழுத்து. வண்டி சந்திரமதி பேருக்கு என்று இன்னொரு கையெழுத்து. முத்திரை. யூசோப் அட்டையின் அடியில் பாஸ் என்று எழுதி, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு போனார். போகிற போக்கில், நாளை ஊர்வலத்தில் கைப் பிரேக்கை அவ்வளவு இழுக்காதே, மாப்பிள்ளை முன்னால் வந்து விழுவான் என்று ஒரு வார்த்தை சொன்னார். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கருணாகரன் வட்டமான ரோடு டாக்ஸ் காகிதத்தைக் கவுண்டருக்கு வெளியே தள்ளினார். வாடகைக் கார், ஒரு வருஷம். சொந்தக்காரர் சந்திரமதி. மை இன்னும் காயவில்லை.

அவள் அதைக் கண்ணாடியில் ஒட்டினாள். கட்டைவிரலால் ஓரங்களை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

பொன்னுதுரை சற்றுத் தள்ளி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவர்போல் நின்றுகொண்டிருந்தார். சந்திரமதி முன்கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்க, சித்தப்பா. முறைப்படி வாடகைக் கார். முதல் சவாரி உங்களுக்குத்தான்."

"வீட்டுக்கு நான் நடந்தே போயிக்கிறேன், சந்திரா."

"வீட்டுக்கு யார் போறா?" அவள் எஞ்சினைக் கிளப்பினாள். "பத்து பெரெண்டாம்."